மாவுக்கட்டின் மேல் மூன்று சொற்கள்

“முறிவு 9.30. கட்டியது 12.10. பிளந்தது 12.25.”

என் மேசைமேல் இருக்கும் ஒரு பழைய மாவுக்கட்டின் முன்பாதியில் இப்படி எழுதியிருக்கிறது. எழுத்து ஆங்கிலம், கை என்னுடையது. முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை உள்ள ஓடு. நான்கு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. இந்த மூன்று நேரங்களுக்கும் கீழே, ஆங்கிலப் பெரிய எழுத்தில் இன்னும் மூன்று சொற்கள் இருக்கின்றன. தமிழில் சொன்னால், “தோல்வரை பிளந்தது” என்று பொருள். அந்த மூன்று சொற்களையும் எழுதியது யார் என்பதுதான் விஷயம்.

ஆண்டு 1996, மாதம் ஆகஸ்ட், கிழமை புதன். தேதி என் நாட்குறிப்பில் இருக்கிறது. வேண்டுமென்றேதான் இங்கே எழுதாமல் விடுகிறேன். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், நான் வேலை பார்த்த மைசூர் ஆஸ்பத்திரியில் இன்று பிளாஸ்டர் அறையில் இருக்கும் டெக்னீஷியன் போன மாதம் போன் செய்ததுதான். புதிதாக ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்களாம். அதில் “தோல்வரை பிளந்ததா?” என்று கேட்டு, டிக் போட ஒரு கட்டம் இருக்கிறதாம். “சார், கட்டை நாங்கதானே பிளக்கிறோம். அதுக்கு எதுக்குத் தனியா ஒரு கட்டம்? எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்குக் கோபம். ஏன் இல்லை என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பம். மைசூருக்கு வந்து, வார்டு உதவியாளாகச் சேர்ந்து, இரண்டு வருடம் பிளாஸ்டர் அறையில் வாளி தூக்கி, பிறகு பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, கட்டுப் போடுகிறவன் ஆனேன். மாரப்பன் போட்ட கட்டு என்றால் பீங்கான் மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கு அந்தப் பிடித்தமும் ஒரு காரணம்.

எங்கள் யூனிட் தலைவர் டாக்டர் நரசிம்மன். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். வார்டில் கன்னடமும் ஆங்கிலமும் பேசுவார், என்னைப் போன்ற தமிழர்களிடம் மட்டும் வீட்டுத் தமிழ். அவர் எதையும் நம்ப மாட்டார். நர்ஸ் எழுதிய குறிப்பைக் காட்டினால் அதைப் படிக்க மாட்டார். “யார் பார்த்தா? எத்தனை மணிக்குப் பார்த்தா? தொட்டுப் பார்த்தாளா, நின்னு பார்த்தாளா?” என்று மூன்று கேள்வி. அப்புறம் தானே போய்த் தொடுவார். எக்ஸ்ரே படத்தில் இருக்கும் பெயரை நோயாளியின் வாயால் ஒருமுறை சொல்லவைத்துக் கேட்பார்.

அவர் எங்களுக்கு விதித்த விதிகளில் ஒன்று, புதிதாக முறிந்த காலுக்கு முழுக்கட்டுப் போட்டால் உடனே அதை நீளவாக்கில் பிளந்துவிட வேண்டும் என்பது. பிளப்பது என்றால் மாவை மட்டுமல்ல. அதன் அடியில் சுற்றிய பஞ்சு, பஞ்சைப் பிடித்துக்கொள்ளச் சுற்றிய காஸ் துணி, எல்லாவற்றையும் வெட்டி, ஒரு விரல் அகலத்துக்குத் தோல் தெரிய வேண்டும்.

காரணம் இது. முழங்காலுக்குக் கீழே காலுக்குள் நான்கு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் தசை, நரம்பு, ரத்தக் குழாய். அறைச்சுவர் கெட்டியான சவ்வு, அது விரியாது. எலும்பு முறிந்தால் உள்ளே ரத்தம் கசியும், தசை வீங்கும், அறைக்குள் அழுத்தம் ஏறும். கனமான பொருள் விழுந்து நசுங்கினாலும், மயக்கத்தில் ஒரே பக்கமாக மணிக்கணக்கில் படுத்துக் கிடந்தாலும், தீக்காயத்திலும்கூட இது வரலாம். வெளியே இறுக்கமான கட்டும் இருந்தால் சீக்கிரமே வரும். அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் தசைக்குள் போகும் சின்னக் குழாய்கள் மூடிக்கொள்ளும். பெரிய குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் பாதத்தில் நாடி துடிக்கும், விரல் சூடாக இருக்கும். பார்க்கிறவர் எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போவார். உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். அதற்குக் கையில் இருப்பது சில மணி நேரம்தான்.

அந்தப் புதன்கிழமை காலையில் மண்டி மொஹல்லாவிலிருந்து ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பெயர் முருகேசன், முப்பது வயது, ஹனூர் பக்கத்துத் தமிழர், சுமை தூக்குகிறவர். கடப்பாக் கல் பலகைகளை வண்டியிலிருந்து இறக்கும்போது ஒன்று சரிந்து முழங்காலுக்குக் கீழே முன்காலில் விழுந்திருந்தது. தோல் கிழியவில்லை, எலும்பு முறிந்திருந்தது. கூட வந்தவர் அவருடைய மச்சான் சின்னராசு.

டாக்டர் மயக்க ஊசி போட்டு எலும்பை நேராக்கிப் பிடித்துக்கொண்டார், நான் கட்டினேன். பிறகு அவர் வெளிநோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். பிளக்கும் வேலை என்னுடையது. மாவு ஈரமாக இருக்கும்போதே கத்தியால் இரண்டு பக்கவாட்டிலும் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்துப் பிளந்தேன்.

மாவைத்தான் பிளந்தேன். காஸ் துணியை வெட்டவில்லை.

ஏன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். வெட்டினால் பஞ்சு பிதுங்கி வெளியே வரும், கட்டு அசிங்கமாகிவிடும். அழுத்துவது மாவு, துணி மெத்தென்றுதானே இருக்கிறது என்றும் நினைத்தேன். நனைந்த காஸ் துணி காய்ந்தால் கயிறு என்பது எனக்குத் தெரியாததல்ல. என் கட்டு பீங்கான் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அறையில் இருந்த நான்கு பேரும் டாக்டர் பார்க்காதபோது இப்படித்தான் செய்தோம். அதற்கு முன் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்டின் மேலேயே விவரம் எழுதிவிடுவோம். சீட்டு தொலையும், கட்டு தொலையாது. காப்பியிங் பென்சிலால் எழுதுவோம். அது காய்ந்த மாவின்மேல் சாம்பல் நிறமாகக் கீறும், ஈர மாவின்மேல் ஊதாவாக ஊறிவிடும், பிறகு அழியாது. அதனால் மாவு ஈரமாக இருக்கும்போதே எழுதிவிடுவோம். சில சமயம் வேலையை முடித்துவிட்டு எழுதுவோம். சில சமயம் எழுதிவிட்டு வேலையை முடிப்போம்.

மூன்றே முக்கால், என் முறை முடிகிற நேரம். அன்று போட்ட கட்டுகளைப் போகும்முன் வார்டில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது என் வழக்கம். வார்டு சிஸ்டர் ஜெயம்மா, கன்னடம் கலந்த தமிழ் பேசுகிறவர், வாசலிலேயே மறித்தார்.

“உன் பேஷண்ட்டு ஆராமா படுத்திருக்காரப்பா. கூப்பாடு இல்ல, தொந்தரெ இல்ல. இந்த மாதிரி இன்னும் நாலு பேரு வந்தா நான் ஸ்வெட்டர் பின்னிடுவேன். சும்னே போய் எழுப்பாதே.”

“வலி ஊசி போட்டீங்களா சிஸ்டர்?”

“வேண்டாம்னுட்டாரே! ரெண்டு வாட்டி கேட்டேன்.”

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் எலும்பு முறிந்தவர், மயக்க மருந்து தெளிந்தவர், வலி ஊசி வேண்டாம் என்கிறார். குறிப்பேட்டில் ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி மூன்றுக்கும் ஒரே வாசகம்: வலி இல்லை, விரல் அசைகிறது, நாடி இருக்கிறது.

முருகேசன் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். காலை இரும்புச் சட்டத்தின்மேல் உயரத் தூக்கி வைத்திருந்தார்கள். தட்டில் சோறு தொடாமல் இருந்தது. கழுத்து, நெற்றி எல்லாம் வேர்வை. கையில் சுருட்டிப் பிடித்திருந்த துண்டின் ஒரு முனை நனைந்து, பல் பதிந்திருந்தது.

“வலிக்குதா?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“விரல அசைங்க.”

அசைந்தது போலிருந்தது. சரியாகப் பார்த்தால், அவர் தொடையை ஆட்டினார், அதில் பாதம் முழுக்க ஆடியது.

“மரத்துப்போன மாதிரி இருக்கா?”

அவர் என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்த்தார். சின்னராசு முந்திக்கொண்டு, “நல்லாத்தேன் இருக்குதுங்க. நாங்க கேட்டுட்டுத்தானுங்க இருக்கறம்” என்றார்.

நான் முருகேசனின் கால் பெருவிரலைப் பிடித்து மெல்லக் கீழ்நோக்கி மடக்கினேன். அவர் கத்திய கத்தலில் ஜெயம்மா ஓடிவந்தார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பேனா முனையால் தொட்டேன். அது தெரியவில்லை அவருக்கு. பாதத்தில் நாடி நன்றாகவே துடித்தது.

“ஏனய்யா சொல்லலே?” என்று ஜெயம்மா அதட்டினார்.

முருகேசன் அழுதுகொண்டே மச்சானைக் கை காட்டினார். “மரத்துப்போச்சுன்னு சொன்னா அறுத்துப்போடுவாங்கன்னு மச்சாந்தேன் சொன்னாப்ல.”

சின்னராசு தலை குனியவில்லை. “எங்க கூட்டத்துல ஒருத்தன் போன வருசம் இங்கதானுங்க வந்தான். மரத்துப்போச்சுன்னு சொன்னான். ரெண்டு நாள்ல தொடைக்குக் கீழ ஒண்ணுமில்ல. உங்கள எப்படிங்க நம்பறது?”

அவர் சொன்னது நடந்ததுதான். அந்த ஆள் வந்ததே அடிபட்ட மூன்றாம் நாள் என்பது வேறு விஷயம்.

நான்கு பத்துக்கு டாக்டர் வந்தார். முதலில் காலைச் சட்டத்திலிருந்து இறக்கி, நெஞ்சின் மட்டத்தில் வைக்கச் சொன்னார். உயரத் தூக்கினால் வீக்கம் வடியும் என்று நினைப்போம். இந்த நிலையில் காலுக்கு ஏறும் ரத்தம்தான் குறையும். பிறகு பிளவைப் பார்த்தார். விரலை விட்டார். துணி தடுத்தது. என்னை ஒருமுறை பார்த்தார். மழுங்கிய முனைக் கத்தரியைக் கேட்டு வாங்கி, காஸையும் பஞ்சையும் மேலிருந்து கீழ்வரை தானே வெட்டினார். துணி விலகியபோது அது பதிந்த தடம் தோலில் வளையம் வளையமாகத் தெரிந்தது. ஓட்டின் முன்பாதியைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தார். பஞ்சும் துணியும் குப்பைக்குப் போயின.

இறுக்கம் நீங்கினால் வலி குறைய வேண்டும். இருபது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். குறையவில்லை. முன்கால் பலகை போல் இருந்தது.

பிறகு அழுத்தத்தை அளந்தோம். இன்று அதற்குத் திரையில் எண் காட்டும் கருவி உண்டு. அன்று எங்களிடம் இருந்தவை இருபது மில்லி சிரிஞ்சு, மூன்று வழி அடைப்பான், இரண்டு குழாய்கள், ஒரு தடித்த ஊசி, ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கருவி. ஒரு குழாய் பாதரசக் கருவிக்கு. இன்னொன்றில் பாதிவரை சலைன் ஏற்றி, அதன் முனையில் ஊசி. ஊசியை முன் அறைக்குள் செலுத்தி, சிரிஞ்சை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். பாதரசம் ஏறும். குழாயில் சலைன் அசையாமல் நிற்கும். அது காலை நோக்கி இம்மியளவு நகரும் அந்தக் கணத்தில் பாதரசம் எங்கே நிற்கிறதோ அதுதான் உள்ளே இருக்கும் அழுத்தம். ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முப்பதுக்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது.

அவர் தன் கண்ணையும் நம்ப மாட்டார். தான் பார்த்த எண்ணைச் சொல்லாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்தார். “நீ பார்த்ததை நீ எழுது மாரப்பா. என் முகத்தைப் பார்க்காதே.” இரண்டையும் பிரித்தோம். அவருடையது 52, என்னுடையது 54. முருகேசனின் கீழ் எண் 74.

“தியேட்டர்” என்றார்.

சின்னராசு ஸ்ட்ரெச்சரின் குறுக்கே நின்றார். “கையெழுத்துப் போடமாட்டனுங்க. அறுக்கறதுக்குத்தானே கொண்டுபோறீங்க?”

டாக்டர் அவரைத் திட்டவில்லை. என் சட்டைப் பையிலிருந்து காப்பியிங் பென்சிலை எடுத்தார். “வேட்டியைத் தூக்கு” என்றார். சின்னராசு விழித்தார். “உன் காலை வெட்டலைய்யா, தூக்கு.” பென்சில் முனையை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு, சின்னராசுவின் காலிலேயே இரண்டு கோடுகள் போட்டார். வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று, இரண்டும் நீளமாக.

“இந்த ரெண்டு கோடு. தோலையும் சவ்வையும் திறந்து விடறேன், உள்ளே இருக்கற நாலு அறையும் மூச்சு விடும். எலும்பை வெட்டலை. கோட்டைத் தாண்டினா என்னைக் கேளு. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே நின்னுண்டு இருந்தா, நீ பயப்படறது நடந்துடும்.”

சின்னராசு தன் காலையே வெகுநேரம் பார்த்தார். “இது போகுமுங்களா?” என்று கோட்டைக் காட்டிக் கேட்டார்.

“ஒரு வாரம் இருக்கும். தேச்சுக் குளி.”

கையெழுத்துப் போட்டார். டாக்டரின் கீழுதட்டில் ஊதாக்கறை இருந்தது. அதைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அன்றைய குறிப்பிலும் எழுதியிருக்கிறேன்.

ஐந்தேகாலுக்குத் தொடங்கினார்கள், நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சவ்வைக் கீறியதும் தசை உள்ளே இடம் போதாதது போல் வெளியே பிதுங்கியது. மூன்று அறைகளில் தசை நல்ல சிவப்பு. இடுக்கியால் கிள்ளினால் துடித்தது, கீறினால் ரத்தம் வந்தது. முன் அறையில் ஒரு பகுதி சாம்பல் நிறமாகக் கிடந்தது. கிள்ளினார், துடிக்கவில்லை. மறுபடி கிள்ளினார். அன்று அதைத் தொடாமல் விட்டார். காயத்தைத் தைக்காமல், ஈரத்துணி வைத்து மூடி, எலும்புக்கு வெளியிலிருந்து கம்பிச் சட்டம் போட்டார். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்து, செத்த தசையை மட்டும் எடுத்தார். பின்னால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார். கால் தப்பியது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. சின்னராசு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்: “கட்டை இறுக்கமாகப் போட்டதால்தான் இப்படி ஆனது.” அது முழு உண்மை இல்லை. முழுப் பொய்யும் இல்லை. கண்காணிப்பாளர், டாக்டர், ஜெயம்மா, நான், நான்கு பேர். மேசைமேல் அந்த ஓடு.

கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். மூன்று நேரங்களையும் படித்தார். பிறகு அதன் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தார்: தோல்வரை பிளந்தது.

அந்த மூன்று சொற்களை நான் பார்த்தது அப்போதுதான்.

“டெக்னீஷியன் விதிப்படி செய்திருக்கிறாரே, அப்புறம் என்ன?” என்று டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர், “எழுதியிருக்கு” என்றார்.

ஜெயம்மா ஜன்னலைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பு மூடப்பட்டது. அன்று என் நாட்குறிப்பில் இருப்பது இரண்டு வரி: “எழுதியிருக்கு என்றார். பிளந்திருக்கு என்று சொல்லவில்லை.” எழுத்தை நம்பாத மனிதர் அன்று எழுத்தைச் சாட்சியாக வைத்தார். அது எனக்காகவா, யூனிட்டின் பெயருக்காகவா என்று அன்று முழுக்கச் சந்தேகப்பட்டேன். ஜெயம்மாவையும் சந்தேகப்பட்டேன். மூன்று மணிநேரம் ஒரே வாசகம் எழுதியது அவர். கட்டு சரி என்று கோப்பை மூடிவிட்டால் கேள்வி அவர் பக்கமும் வராது.

1998-இல் மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தேன். கொள்ளேகால் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், “மாவுக்கட்டு அண்ணா!” என்று ஒரு குரல். முருகேசன். பூஜைச் சாமான் கடை போட்டிருந்தார். பலகைமேல் ஏறி மூட்டை சுமக்க முடியவில்லை. பெருவிரல் மேலே தூக்காது, செருப்பு கழன்றுவிடும். குதிகாலைச் சுற்றி ஒரு வார் தைத்துப் போட்டிருந்தார்.

கடைக்குள் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். துணியை நான் வெட்டவில்லை, விசாரணையிலும் வாயைத் திறக்கவில்லை என்று.

அவர் கற்பூரப் பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை. “அப்ப மச்சான் எழுதிக் குடுத்தது நெசந்தானுங்களா?”

“பாதி நிஜம்.”

“மத்தப் பாதி என்னோடதுங்க. வலிக்கலே வலிக்கலேன்னு பொழுதுக்கும் பொய் சொன்னனே.” பொட்டலத்தை அடுக்கில் வைத்தார். பிறகு, “இருந்தாலும் அண்ணா, அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கோணும். மச்சான ஊரே பொய்யன்னு பேசுச்சு” என்றார்.

நான் டீயைக் குடித்து முடிக்கவில்லை. சின்னராசு அன்று கடையில் இல்லை, சாமான் வாங்கக் கொள்ளேகால் போயிருந்தார். “மச்சான்கிட்டச் சொல்லிருங்க” என்றேன். “நீங்களே வந்து சொல்லுங்க” என்றார். அடுத்த மாதம் போய்ச் சொன்னேன். சின்னராசு கேட்டுவிட்டு, “இப்பச் சொல்லி?” என்றார்.

டாக்டரிடம் கேட்டது 1999-இல், அவர் ஓய்வு பெற்ற நாளில். “சார், அந்த ஓட்டுமேல மூணு வார்த்தை…”

“நீ எழுதலையா?”

“எழுதின ஞாபகம் இல்ல சார்.”

“ஞாபகத்தைக் கேட்கலை. எழுதலையான்னு கேட்டேன்.” “உனக்கே தெரியாததை என்கிட்டக் கேட்டா?” என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார். இன்று அவர் இல்லை. ஜெயம்மா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. விசாரித்திருக்கிறேன்.

ஓடு என்னிடம் வந்தது, பிளாஸ்டர் அறையின் பழைய அலமாரியைக் காலி செய்தபோது. பொழுதுபோக்காக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கல்வெட்டு பார்க்கப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனிப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, எப்போது வெட்டிய எழுத்து என்பதையும் பார்க்க வேண்டும். அதே கண்ணால் இந்த ஓட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று சொற்களும் ஊதா நிறம். அப்படியானால் மாவு ஈரமாக இருந்தபோது, அதாவது புதன்கிழமை நண்பகலில், எழுதியவை. அந்த நேரத்தில் பென்சில் என் கையில்தான் இருந்தது. செய்யப்போவதை முன்னதாகவே எழுதிவிட்டு, செய்யாமல் விட்டேன் என்று ஆகிறது.

ஆனால் ஈரக் கையால் ஒருமுறை தடவினாலும், பென்சில் முனையை நாக்கில் நனைத்து எழுதினாலும் காய்ந்த மாவின்மேல் அதே ஊதா வரும். கடைசிச் சொல்லின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை இருக்கிறது. அதில் ரேகை தெரிகிறது. என் கட்டைவிரலை மையில் தொட்டுக் காகிதத்தில் பதித்து, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காகிதமும் மைப்பெட்டியும் இதே மேசையில்தான் இருக்கின்றன. இதை எழுதி முடிக்கும் இந்த நேரம்வரை நான் அதைச் செய்து பார்க்கவில்லை. அந்த ரேகை யாருடையது என்பது சரிபார்க்கப்படவில்லை.